நேரியலா, நேரியலற்றதா? வகைக்கெழுச் சமன்பாடுகளும் மீள்தொடர்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணித மாதிரி அமைப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இங்கே. நாம் தேடும் அளவை ‘ம’ என்றும், காலத்தை ‘கா’ என்றும், ம மாறும் வேகத்தை (அதன் வகைக்கெழுவை) ம′ என்றும் எழுதியிருக்கிறோம். படிப்படியாகப் போகும் கணக்கில் ந-ஆவது படியின் மதிப்பு ம(ந). வேறு எழுத்து வந்தால் அந்த இடத்திலேயே விளக்கம் இருக்கும்.

வகைக்கெழுச் சமன்பாடு, மீள்தொடர்பு: இரண்டில் எதை எப்போது எடுப்பது?

மாற்றம் இடைவிடாமல் நடந்தால் வகைக்கெழுச் சமன்பாடு. தவணை தவணையாக நடந்தால் மீள்தொடர்பு. ஆறிக்கொண்டிருக்கும் காப்பி முதல் வகை. மாதம் ஒருமுறை வட்டி ஏறும் கடனும், வருடத்துக்கு ஒரே தலைமுறை வரும் பூச்சியும் இரண்டாம் வகை. முந்தைய மதிப்புகளிலிருந்து அடுத்ததைச் சொல்லும் எந்த விதியும் மீள்தொடர்புதான்.

இது புதுச் சரக்கும் இல்லை. லகுவுக்கு (குறுகிய அசைக்கு) 1 மாத்திரை, குருவுக்கு (நெடிய அசைக்கு) 2 மாத்திரை என்று வைத்து, இத்தனை மாத்திரை கொண்ட அடிகள் எத்தனை அமையும் என்று எண்ணிய விரகாங்கர், ஹேமச்சந்திரர் போன்ற இந்திய யாப்பியலாளர்கள் ம(ந+2) = ம(ந+1) + ம(ந) என்ற விதியைக் கண்டுகொண்டார்கள். 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் அந்த வரிசையை 1202-இல் எழுதிய பிபனாச்சியின் பெயரால் இன்று அழைக்கிறோம்.

ஒரு சமன்பாடு நேரியலா என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

முடியும். தேடும் அளவு, அதன் வகைக்கெழுக்கள் (மீள்தொடர்பானால் அதன் முந்தைய மதிப்புகள்) ஆகியவற்றை மட்டும் கவனியுங்கள். அவை ஒவ்வொன்றும் வர்க்கம், கனம் இன்றி முதல் அடுக்கில், ஒன்றோடொன்று பெருக்கப்படாமல், வேறு சார்புக்குள் புகாமல் நின்றால் அது நேரியல். கெழுக்கள் காலத்தைப் பொறுத்து எப்படி வேண்டுமானாலும் வளைந்து நெளியலாம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ம′ = கா² × ம என்பதில் வர்க்கம் இருந்தாலும் அது காலத்தின் வர்க்கம்; ஆகவே சமன்பாடு நேரியல். ம′ = ம² + கா நேரியலற்றது. ம × ம′ = 1 நேரியலற்றது. ம-இன் சைன், ம-இன் வர்க்கமூலம், ம(ந) × ம(ந−1) எது வந்தாலும் நேரியலற்றதுதான்.

கண்ணுக்குத் தப்பும் இரண்டு இடங்கள் உண்டு. நிரலில் ‘இருப்பு 500-க்குக் கீழே போனால் 200 கொள்முதல் செய்’ என்று ஒரு நிபந்தனை எழுதிவிட்டால், மற்ற வரிகள் எல்லாம் நேரியலாக இருந்தாலும் முழு மாதிரி நேரியலற்றது. பெரியதை எடு, சிறியதை எடு, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வை: எல்லாம் அப்படியே. இன்னொன்று தாமதம். ம′(கா) = −0.5 × ம(கா − 3) போன்ற சமன்பாடு நேரியல்தான். ஆனால் அதற்குத் தொடக்க மதிப்பு ஒரு எண்ணாக இருந்தால் போதாது. கடந்த 3 அலகுக் காலத்தின் முழு வரலாறும் வேண்டும்.

ம(ந+1) = 1.0075 × ம(ந) − 8,000 போல ஒரு மாறிலி ஒட்டிக்கொண்டிருந்தால் கறாரான வரையறைப்படி அது ‘சமபடித்தான’ நேரியல் அல்ல. நடைமுறையில் அதையும் நேரியல் குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். சமநிலைப் புள்ளியிலிருந்து அளந்தால் அந்த மாறிலி மறைந்துவிடும் என்பதால் அதில் தவறில்லை.

நேரியல் என்றால் வரைபடம் நேர்கோடாக வர வேண்டுமே?

வேண்டாம். பள்ளியில் படித்த ‘ஒருபடிச் சமன்பாடு = நேர்கோடு’ இங்கே குழப்பத்தைத்தான் தரும். ம′ = 0.2 × ம நேரியல். அதன் தீர்வு அடுக்குக்குறியாகப் பாய்ந்து ஏறும். சுருள்வில்லின் சமன்பாடு நேரியல், தீர்வு அலை. நேரியல் என்பது விதியின் குணம், தீர்வின் வடிவத்துக்கான பெயர் அல்ல.

அதைவிட முக்கியமானது, ‘எதைப் பொறுத்து நேரியல்?’ என்ற கேள்வி. வீட்டுக்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். அசல் 10 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 9%, அதாவது மாதம் 0.75%. நிலுவையின் விதி: அடுத்த மாத நிலுவை = 1.0075 × இந்த மாத நிலுவை − தவணை. நிலுவையைப் பொறுத்தும் தவணையைப் பொறுத்தும் இது நேரியல். 240 மாதத்தில் முடிக்க மாதம் 8,997 ரூபாய் வேண்டும். தவணையை 8,000 ஆக்கினால்? தவணை சுமார் 11% தானே குறைந்தது, காலமும் அதே அளவு நீளும் என்று தோன்றும். கணக்கு 372 தவணைகள் என்கிறது. 11 ஆண்டு கூடுதல். தவணை 7,500 என்றால் கடன் என்றைக்கும் தீராது. அந்தத் தொகை முழுவதும் வட்டிக்கே போய்விடும். மாதங்களின் எண்ணிக்கை தவணையைப் பொறுத்து மடக்கை வழியாக மாறுகிறது. விதி நேரியல், நாம் கேட்ட கேள்வியின் விடை நேரியலற்றது. வங்கிக் கணக்கில் மட்டுமல்ல, அளவுருக்களைத் தரவிலிருந்து மதிப்பிடும் எல்லா இடத்திலும் இதே சிக்கல் வரும்: நேரியல் மாதிரியாக இருந்தாலும் வளர்ச்சி வீதத்தைப் பொருத்துவது நேரியலற்ற வேலை.

நேரியலாக இருப்பதால் நமக்கு என்ன லாபம்?

மேற்பொருந்துதல். இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் அதுவும் தீர்வு. உள்ளீட்டை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும். சிக்கலைத் துண்டு துண்டாக வெட்டி, தனித்தனியே தீர்த்து, கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். நேரியலற்றதில் அந்த வசதி போய்விடும்.

மருந்தியலில் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. பெரும்பாலான மருந்துகள், வழக்கமான அளவில், உடலில் இருக்கும் அளவுக்கு நேர் விகிதத்தில் வெளியேறும். அளவை இரட்டித்தால் இரத்தச் செறிவும் இரட்டிக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் அப்படியல்ல. அதைச் சிதைக்கும் நொதி நிரம்பிவிடும். நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு வந்துவிடும். நொதி இப்படி நிரம்புவதைச் சொல்லும் மைக்கேலிஸ்–மென்டன் விதியில் உச்ச வேகம் நாளுக்கு 500 மி.கி., அரைவேகச் செறிவு லிட்டருக்கு 4 மி.கி. என்று வைத்துக்கொண்டால், நிலைத்த செறிவு = 4 × அளவு ÷ (500 − அளவு). நாளுக்கு 300 மி.கி. கொடுத்தால் லிட்டருக்கு 6 மி.கி.; 400-க்கு 16; 450-க்கு 36. விரும்பத்தக்க வரம்பு 10 முதல் 20 வரை. கடைசி 50 மி.கி. செறிவை இரண்டு மடங்குக்கு மேல் தூக்கி நச்சு எல்லைக்குள் தள்ளிவிட்டது. 500-ஐத் தொட்டால் சமநிலையே கிடையாது. (இவை விளக்க எண்கள், ஆளுக்கு ஆள் மாறும்.) ‘கொஞ்சம் கூட்டினால் கொஞ்சம் கூடும்’ என்ற நேரியல் பழக்கம் எங்கே ஆபத்தாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அப்படியானால் நேரியல் மாதிரி எப்போது போதும்?

சமநிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகப் போகிறோம், எவ்வளவு பிழையைத் தாங்குவோம் என்ற இரண்டும் தெரிந்தால் விடை வந்துவிடும். ஊசலைப் பாருங்கள். உண்மைச் சமன்பாட்டில் கோணத்தின் சைன் இருக்கிறது. சிறு கோணத்துக்கு சைனுக்குப் பதில் கோணத்தையே போடுகிறோம். 10 பாகை வீச்சில் அலைவு நேரத்தில் பிழை சுமார் 0.2%. 30 பாகையில் 1.7%. 60 பாகையில் 7%. 90 பாகையில் 18%. பள்ளி ஆய்வகத்தில் நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் கையின் பிழையே சில நூறில் ஒரு பங்கு இருக்கும்போது, 10 பாகைக்கு நேரியலற்ற சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. அதே ஊசல் ஒரு கடிகாரத்தில் இருந்தால் 0.2% என்பது நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம்; அங்கே விட்டுவிட முடியாது.

தொற்றுநோய் மாதிரியில் இந்த எல்லை எங்கே வரும்?

நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும். கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் வெளியிட்ட மாதிரியை எடுத்துக்கொள்வோம் (தங்கள் கோட்பாட்டை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டியது 1905–06 பம்பாய் பிளேக் மரணங்களோடு). நோயுற்றோர் ‘நோ’, இன்னும் நோய் வராதோர் ‘ஆ’, மொத்த மக்கள் ‘மொ’ என்றால்:

நோ′ = 0.4 × ஆ × நோ ÷ மொ − 0.2 × நோ

0.4, 0.2 ஆகியவை நாளொன்றுக்கான வீதங்கள். ஒருவர் சராசரியாக இரண்டு பேருக்குப் பரப்புகிறார் என்று பொருள் (இந்த 2 தான் பரவல் எண்). ஆ, நோ இரண்டும் பெருக்கப்படுவதால் நேரியலற்றது. தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோருமே ‘ஆ’-வில் இருப்பதால் நோ′ = 0.2 × நோ என்று சுருங்கும்: 3.5 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு.

1 லட்சம் பேர் உள்ள ஊரில் 10 பேரோடு தொடங்கினால், இந்த நேரியல் கணக்கு 46-ஆம் நாளில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் நோயில் கிடப்பதாகச் சொல்லும். முழுச் சமன்பாட்டில் எந்த நாளிலும் 15,350 பேருக்கு மேல் ஒருசேர நோயில் இருக்க மாட்டார்கள். கடைசிவரை மொத்தமாக நோய் கண்டவர்கள் சுமார் 79,700 பேர்.

விலகல் எப்போது தொடங்குகிறது? மக்களில் 5% பேருக்கு வந்து போனவுடன் வளர்ச்சி வீதம் 0.2-இலிருந்து 0.18 ஆகிறது, 10% குறைவு. 10% பேருக்கு வந்ததும் 0.16; 20% குறைவு. பாதிப்பேருக்கு வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். பரவல் எண் சிறியதாக இருக்க இருக்க இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாகும், ஏனெனில் வளர்ச்சி வீதம் இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். ஆகவே ‘மக்கள்தொகையில் சில சதவீதம்தானே’ என்று அடுக்குக்குறி வளைவை நீட்டிக்கொண்டே போகக் கூடாது.

நேரியல் மாதிரியில் வராத விநோதங்கள் நேரியலற்றதில் என்ன வரும்?

தீர்வு பாதியிலேயே முடிந்துபோகலாம். ஒரே தொடக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வும் இருக்கலாம்.

முதலாவதற்கு ம′ = ம², தொடக்கம் 1. தீர்வு 1 ÷ (1 − கா). கா = 1-இல் எல்லையின்றிப் போய்விடும்; அதற்கு அப்பால் தீர்வு கிடையாது. ஆனால் ஆய்லர் முறையால் (இப்போதைய வேகத்தைப் படி நீளத்தால் பெருக்கி மதிப்போடு கூட்டிப்போவது) 0.1 படி நீளத்தில் கணக்கிட்டால் கா = 1-இல் 6.13 என்று ஒழுங்கான விடை வரும், நிரல் தயங்காமல் மேலே போகும். எச்சரிக்கை எதுவும் வராது. படியைப் பாதியாக்கிப் பார்த்தால் மட்டுமே அந்த எண் நிலைக்காமல் ஏறுவது தெரியும்.

இரண்டாவதற்கு அடியில் ஓட்டையுள்ள தண்ணீர்த் தொட்டி. டாரிசெல்லி விதிப்படி வெளியேறும் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: ம′ = −கு × √ம (கு என்பது ஓட்டை, தொட்டி அளவுகளைப் பொறுத்த மாறிலி). குறுக்குப் பரப்பு 1 சதுர மீட்டர், ஆழம் 1 மீட்டர், ஓட்டை 5 சதுர செ.மீ., நீர்த்தாரை சுருங்குவதால் பயன்படும் பரப்பு அதில் 0.6 பங்கு என்றால், தொட்டி சுமார் 25 நிமிடத்தில் காலியாகும். முதல் அரை மீட்டர் இறங்க 7 நிமிடம் 21 விநாடி. மீதி அரை மீட்டருக்கு 17 நிமிடம் 45 விநாடி. முதல் பாதியை மட்டும் அளந்து ம′ = −கு × ம என்ற நேரியல் விதியைப் பொருத்தியவர், தொட்டி உண்மையில் வறண்ட நேரத்தில் இன்னும் 9 செ.மீ. தண்ணீர் இருப்பதாகச் சொல்வார். அவருடைய மாதிரியில் தொட்டி என்றைக்குமே காலியாகாது.

இங்கே ஒருமைத்தன்மை (ஒரே தீர்வுதான் என்பது) உடைவதற்குப் பொருள் எளியது: காலித் தொட்டியைப் பார்த்து அது எப்போது காலியானது என்று சொல்ல முடியாது. ஆழம் பூஜ்யமாகும் இடத்தில் வர்க்கமூலத்தின் சரிவு எல்லையின்றிப் போவதே காரணம். சரிவு ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற லிப்ஷிட்ஸ் நிபந்தனை அங்கே பொய்க்கிறது. கணினியில் இதற்கு ஒரு உப விளைவு உண்டு. கடைசிப் படியில் ஆழம் −0.001 என்று இறங்கிவிட்டால் அடுத்த படியில் எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கப்போய் நிரல் நின்றுவிடும். ஆழம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தைக் கண்டுபிடித்து அங்கே கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்மறையைப் பூஜ்யமாக மாற்றி ஓட்டிவிடலாம்தான், ஆனால் காலியான நேரம் ஒரு படி அளவுக்குத் தவறும்.

ஒரே மாதிரியை இரண்டு வடிவிலும் எழுதினால் ஒரே விடை வருமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் தந்த வரம்புள்ள வளர்ச்சிச் சமன்பாட்டில், தாங்கும் திறனை (சூழல் தாங்கும் உச்ச எண்ணிக்கையை) 1 என்று வைத்தால், ம′ = வ × ம × (1 − ம). வ என்பது வளர்ச்சி வீதம். சிறு தொடக்கத்திலிருந்து வளைந்தேறி 1-ஐ நெருங்கும், தாண்டாது, ஊசலாடாது. வ எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதுதான். இதையே ஆய்லர் முறையில் படிகளாக்கினால்:

ம(ந+1) = ம(ந) + ப × ம(ந) × (1 − ம(ந))

இங்கே ப = வ × படி நீளம். ப 1-க்குக் கீழே இருக்கும்வரை மூலத்தைப் போலவே நடக்கும். 1-க்கும் 2-க்கும் இடையில் 1-ஐத் தாண்டி, மேலும் கீழுமாக ஆடி அடங்கும். 2-ஐத் தாண்டினால் அடங்காது. ப = 2.3 என்றால் 0.688, 1.182 என்ற இரண்டு மதிப்புகளுக்கு இடையே என்றென்றும் தாவிக்கொண்டிருக்கும். 2.449-க்கு மேல் நான்கு மதிப்புகள், பிறகு எட்டு, பதினாறு, 2.57-க்கு அப்பால் பெரும்பாலும் ஒழுங்கே தெரியாத நடத்தை. 3-ஐத் தாண்டினால் மதிப்பு எதிர்மறைக்குள் விழுந்து ஓடிவிடும். சூழலியலாளர் ராபர்ட் மே 1976-இல் பரவலாக அறியச்செய்த கேயாஸ் (விதி உறுதியாக இருந்தும் ஒழுங்கற்றுப் போகும் நடத்தை) இதுவே; அவர் எழுதிய ம(ந+1) = அ × ம(ந) × (1 − ம(ந)) வடிவில் அ = 1 + ப.

இந்த ஊசலாட்டம் உண்மையா, போலியா என்பதை எண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறை முட்டையிட்டு மடியும் பூச்சிக்கு அது உண்மையாக இருக்கலாம்: இந்தத் தலைமுறையின் நெரிசல் அடுத்த தலைமுறையில்தான் தெரியும் என்பதால், தாண்டிப்போவது இயல்பு. இடைவிடாமல் பெருகும் பாக்டீரியாவுக்கு அதே ஊசலாட்டம் படி நீளத்தால் வந்த பொய். சோதனை எளிது. படியைப் பாதியாக்குங்கள், ஊசலாட்டம் மறைந்தாலோ அதன் உயரம் மாறினாலோ அது உங்கள் கணக்கு முறையின் குற்றம். படி என்பது உயிரியலில் இருந்து வந்த தலைமுறையாக இருந்தால் அதைப் பாதியாக்க உங்களுக்கு உரிமையே இல்லை.

சமநிலை நிலைப்பானதா என்று எப்படிச் சோதிப்பது?

சமநிலையைக் கண்டுபிடித்து, அங்கே விதியின் வலப்பக்கத்தை வகையிட்டு, அந்தச் சரிவைப் பாருங்கள். வகைக்கெழுச் சமன்பாட்டில் சரிவு எதிர்மறையாக இருந்தால் நிலைப்பு. மீள்தொடர்பில் சரிவின் அளவு (குறியை விட்டு) 1-க்குக் கீழே இருந்தால் நிலைப்பு. தேர்வுத்தாளிலும் ஆய்வேட்டிலும் அதிகம் காணும் பிழை, ஒன்றின் விதியை மற்றொன்றில் போடுவது.

ம(ந+1) = 2.8 × ம(ந) × (1 − ம(ந)) என்பதில் சமநிலை 0.643, சரிவு −0.8. அளவு 1-க்குக் கீழே, ஆகவே நிலைப்பு. குறி எதிர்மறை, ஆகவே மேலும் கீழுமாக ஆடி அடங்கும். 2.8-ஐ 3.2 ஆக்கினால் சரிவு −1.2, நிலைப்பு போயிற்று. பல மாறிகள் இருந்தால் சரிவின் இடத்தில் ஜக்கோபியன் அணியும் (எல்லாச் சரிவுகளின் அட்டவணை) அதன் ஐகன் மதிப்புகளும் (அந்த அணி தன் தனித் திசைகளில் பெருக்கும் அளவுகள்) வரும். முதல் வகையில் அவற்றின் மெய்ப்பகுதிகள் எல்லாம் எதிர்மறையாகவும், இரண்டாம் வகையில் எல்லாம் அலகு வட்டத்துக்குள்ளும் (அளவு 1-க்குக் கீழே) இருக்க வேண்டும்.

விளிம்பில் நின்றால் நேரியலாக்கம் (சரிவை மட்டும் பார்க்கும் இந்தச் சோதனை) வாய் திறக்காது. ம′ = −ம³, ம′ = +ம³ இரண்டுக்கும் பூஜ்யத்தில் சரிவு பூஜ்யமே; முதலாவது அடங்கும், இரண்டாவது வெடிக்கும். இரைக்கும் வேட்டையாடிக்கும் லோட்கா–வோல்டெரா எழுதிய சமன்பாடுகளும் இந்த விளிம்பில் நிற்பவை. உண்மைத் தீர்வுகள் மூடிய வளையங்கள். ஆய்லர் முறையில் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் விரிந்து, கடைசியில் ஒரு இனமே அழிவதாகக் காட்டும். அதை ‘அழிவு’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

கேயாஸ் வந்தால் முன்கணிப்பு என்பதே கிடையாதா?

கொஞ்ச தூரம் உண்டு. எவ்வளவு தூரம் என்று கணக்கிடவும் முடியும். ம(ந+1) = 4 × ம(ந) × (1 − ம(ந)) என்பதில் பிழை சராசரியாகப் படிக்கு இரட்டிக்கும். 0.3, 0.3000001 என்று இரண்டு தொடக்கங்களை எடுத்தால் 23 படி அளவில் இரண்டுக்கும் உறவே இருக்காது. கணினியின் வழக்கமான 16 இலக்கத் துல்லியமும் 50 படி சுமாரில் தீர்ந்துவிடும். துல்லிய இலக்கங்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் முன்கணிப்பு தூரம் இரட்டிக்கும், அவ்வளவுதான். நூறு மடங்கு நல்ல கருவி வாங்கினால் கிடைப்பது இன்னும் ஆறேழு படிகள். எட்வர்ட் லோரென்ஸ் 1961-இல் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கித் தட்டியபோது வானிலைக் கணக்கு வேறு திசையில் போனதும் இதனால்தான். நீண்டகாலச் சராசரிகளை மட்டும் கேட்டால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. மேலே சொன்ன விதிக்கு அந்தச் சராசரி 0.5.

கேயாஸ் வர மீள்தொடர்பில் ஒரு மாறி போதும். நேரத்தை வெளிப்படையாகச் சேர்க்காத, தாமதமும் இல்லாத வகைக்கெழுச் சமன்பாடுகளில் குறைந்தது மூன்று மாறிகள் வேண்டும். ஒன்றிரண்டு மாறிகளே உள்ள அத்தகைய சமன்பாட்டில் கேயாஸ் தென்பட்டால் முதலில் படி நீளத்தைச் சந்தேகியுங்கள்.

நேரியலற்ற சமன்பாடு எதையும் துல்லியமாகத் தீர்க்கவே முடியாதா?

சிலவற்றை முடியும். பெரும்பாலும் அவை மாறுவேடத்தில் இருக்கும் நேரியல் சமன்பாடுகள். பெவர்டன்–ஹோல்ட் என்ற மீன்வள மாதிரியில் ம(ந+1) = 2 × ம(ந) ÷ (1 + ம(ந)) என்று வைத்துக்கொள்வோம். ம-இன் தலைகீழை ‘த’ என்று எடுத்தால் த(ந+1) = 0.5 × த(ந) + 0.5. நேரியல்! வெர்ஹுல்ஸ்ட் சமன்பாடும் இதே தலைகீழ் மாற்றத்துக்குப் பணியும். அந்தச் சமன்பாட்டின் மதிப்புகளைச் சம இடைவெளியில் சரியாக எடுத்துப் பார்த்தால் கிடைப்பது ஆய்லரின் ஊசலாடும் விதி அல்ல, இந்தப் பெவர்டன்–ஹோல்ட் விதிதான். படி எவ்வளவு நீண்டாலும் இது ஊசலாடாது.

விண்மீன்களின் உள்ளமைப்பைக் கூறும் லேன்–எம்டன் சமன்பாடு இன்னொரு நல்ல உதாரணம். அதில் தேடும் அளவு ஒரு அடுக்கில் வருகிறது. அடுக்கு 0, 1 என்றால் நேரியல், தீர்வு எளிது. 5 என்றால் நேரியலற்றது, ஆனாலும் அழகான மூடிய தீர்வு (ஒரே சூத்திரமாக எழுதக்கூடியது) உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகரின் வெண்குறுமீன் (எரிந்து முடிந்த சிறு விண்மீன்) வரம்பு, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை, அடுக்கு 3-இலிருந்து வருகிறது. அதற்கு மூடிய தீர்வு கிடையாது. எண்வழிக் கணக்கில் மேற்பரப்பு, அலகற்ற ஆரம் 6.897 என்ற இடத்தில் வரும். மூடிய தீர்வு இல்லாததால் அந்த முடிவின் உறுதி துளியும் குறையவில்லை.

நேரியல் என்றால் கணினியில் பயமில்லைதானே?

பயம் உண்டு. ம(ந) = 1 − ந × ம(ந−1) என்ற நேரியல் மீள்தொடர்பு ஒரு தொகையீட்டிலிருந்து வருவது; ம(1) = 0.367879. உண்மை மதிப்புகள் எல்லாம் நேர்மறை. ஆறு இலக்கத்தோடு தொடங்கி நடந்தால் ம(8) = 0.118720, ம(9) = −0.068480! தொடக்கத்தில் ஏழாம் இலக்கத்தில் இருந்த பிழை 2, 3, 4… 9 என்று பெருக்கப்பட்டு மூன்றரை லட்சம் மடங்காகிவிட்டது. ம(9)-இன் சரியான மதிப்பு சுமார் 0.0916. மருந்து எளியது: திசையைத் திருப்புங்கள். ம(20) = 0 என்று பொய்யாகவே தொடங்கி பின்னோக்கி வந்தால் ஒவ்வொரு படியிலும் பிழை வகுபட்டுச் சுருங்கும்.

வகைக்கெழுச் சமன்பாட்டில் இதன் உறவுக்காரன் விறைப்பு. ம′ = −50 × ம சட்டென்று அடங்க வேண்டியது. ஆய்லரில் படி 0.05 வைத்தால் ஒவ்வொரு படியிலும் −1.5 ஆல் பெருக்குகிறீர்கள். அடங்குவதற்குப் பதில் ஆடி வெடிக்கும். படி 0.04-க்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது பின்னோக்கு ஆய்லர் போன்ற உள்ளுறை முறைக்கு (அடுத்த படியின் வேகத்தையே பயன்படுத்துவது) போக வேண்டும். ஒரு படிக்குள் வேகத்தை நான்கு முறை மதிப்பிடும் நான்காம் வரிசை ருங்கே–குட்டா முறை கொஞ்சம் தாங்கும், இங்கே 0.055 வரை.

நேரியலற்ற மாதிரி தரவோடு நன்றாகப் பொருந்துகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

அளவுருக்களை ஆட்டிப் பாருங்கள். வளர்ச்சி தாங்கும் திறனின் பாதியை எட்டும் முன்பான தரவு மட்டும் இருந்தால், திறன் 1 லட்சமா 5 லட்சமா என்று அந்தத் தரவு சொல்லாது. இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே தரத்தில் பொருந்தும். அந்த நிலையில் நிரல் ஒரு எண்ணைத் தந்தால் அது பெரும்பாலும் நீங்கள் கொடுத்த தொடக்க ஊகத்தின் எதிரொலி. வளைவு திரும்பாத இடத்தில் இரண்டே அளவுருக்கள் கொண்ட அடுக்குக்குறி மாதிரி நேர்மையானது, குறுகிய காலத்துக்கு மட்டும்.

பரிமாணமும் அலகும் எங்கே சறுக்க வைக்கும்?

நேரியலற்ற உறுப்பின் கெழுவில். தொற்று உறுப்பை ‘கெழு × ஆ × நோ’ என்று எழுதுவதும் ‘கெழு × ஆ × நோ ÷ மொ’ என்று எழுதுவதும் வேறு வேறு. ஒரு நூலிலிருந்து கெழுவை எடுத்து இன்னொன்றின் சமன்பாட்டில் போட்டால், 1 லட்சம் பேர் உள்ள ஊரில் அந்த உறுப்பு 1 லட்சம் மடங்கு தவறும். மக்களை ஆட்களாக எண்ணாமல் ஆயிரங்களாக எண்ணினாலும் முதல் வடிவின் கெழு மாறும், நேரியல் உறுப்பின் கெழு மாறாது.

வீதங்களில் இன்னொன்று. ஆண்டுக்கு 12% வளர்ச்சியை மாதப் படிக்கு மாற்றும்போது 1% என்று போட்டால் ஆண்டு முடிவில் 12.68% ஆகிவிடும். 12% ஆண்டு முழுவதற்குமான நிகர வளர்ச்சி என்றால் மாதத்துக்கு 0.949%, தொடர் வளர்ச்சிச் சமன்பாட்டில் போட வேண்டியது 1.12-இன் இயல் மடக்கை, அதாவது ஆண்டுக்கு 0.1133. மாதிரியை ஓட்டும் முன் மூன்றில் எது உங்கள் தரவில் இருக்கிறது என்று நிரலின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.